வண்டி இல்லாத குடும்பத்துக்கு ஒரு வீடு

வீட்டு புரோக்கர் தொழிலில் 'நடக்குற தூரம்' என்றால், புரோக்கர் தன் ஸ்கூட்டரில் ஒருமுறை போய் வந்திருக்கிறார் என்று மட்டும்தான் அர்த்தம்.

பஸ் ஸ்டாப் நடக்குற தூரம், ஸ்கூல் நடக்குற தூரம், காய்கறிக் கடை நடக்குற தூரம் என்று நானும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவள்தான். புதுச்சேரியில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெயிலில் எங்கள் பின்னால் வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் சாவிக்காகக் காத்திருந்து, 'தண்ணி நல்லா வரும்' என்ற பொய்யைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டவர்கள்தானே நீங்களும். நான் எத்தனையோ குடும்பங்களைக் குடி வைத்திருக்கிறேன். முதல் கேள்வியாகப் பார்க்கிங்கைக் கேட்காத குடும்பம் ஒன்றே ஒன்றுதான். அவர்களோடு அலைந்த கதை இது.

வண்டியை நிறுத்துங்க

சுகந்தி என்ற பெண் போன் செய்தாள். வில்லியனூரைத் தாண்டி, வயலை மூடிப் போட்ட ஒரு புது மனைப்பிரிவில் குடியிருக்கிறார்களாம். வீட்டுக்காரர் பிரபாகரனுக்கு சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் வேலை. ஆறாவது படிக்கும் ஒரே மகள், யாழினி. ரெண்டு ரூம் போதும், மாடியானாலும் பரவாயில்லை. ஆனால் கம்பெனி பஸ் நிற்கும் இடம், பிள்ளையின் ஸ்கூல், மளிகைக் கடை, மெடிக்கல் எல்லாம் நடந்து போகிற மாதிரி இருக்க வேண்டும். "வண்டி எத்தனை? கார் இருக்கா?" என்று கேட்டேன். வண்டியே இல்லை என்றாள். லைன் சரியில்லை என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு நல்ல மாடி வீடு கையில் இருந்தது. மூவரும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வீடு பிடித்துவிட்டது. பஸ் ஸ்டாப் பக்கத்திலேதான், சுகந்தி என் வண்டியில் ஏறட்டும், மற்ற இருவரும் ஆட்டோவில் வரட்டும், ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுகிறேன் என்றேன். அவள் ஏறவில்லை. "வண்டிய நிறுத்துங்கக்கா, நடந்தே போய்ப் பாப்போம். நாளைக்கு அப்படித்தானே போவணும்?" என்றாள்.

நடந்தோம். தெரு முனை வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கப்புறம் வாய்க்காலை ஒட்டித்தான் போக வேண்டும். அதை மூடியிருந்த சிலாப்புகளில் பாதி உள்ளே விழுந்து கிடந்தன. ஓரமாக நடக்கலாம் என்றால் ஓரம் முழுக்க வண்டிகள். ரோட்டில் இறங்கினால் தண்ணீர் லாரி பின்னால் வந்து ஹாரன் அடிக்கிறது. தினமும் போய் வருகிற ரோடுதான், அங்கே வாய்க்கால் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. மெயின் ரோட்டுக்கு வந்தால் பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம். கையைக் காட்டியபடி நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். யாழினி அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடைசியில் பிரபாகரன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரோட்டைத் தாண்டுறதுக்கே தெனம் அரை நாள் லீவு போடணும் போல இருக்கேக்கா."

வண்டி எங்க?

அன்று கரும்புச் சாறு குடிக்க ஒரு கடையில் நின்றோம். வண்டி ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. பிரபாகரன் தானாகவே சொன்னார். போன வருஷம் மகளை ஸ்கூலில் இருந்து கூட்டி வரும்போது, ஓடுகிற பைக்கிலேயே வலிப்பு வந்துவிட்டது. அதற்கு முன் அவருக்கு அப்படி வந்ததே இல்லை. பைக் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். யாழினிக்கு முழங்கையில் தையல். பின்னால் வந்த வேன்காரர் பிரேக் போட்டதால் உயிர் தப்பியது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, இனிமேல் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் மெஷின் வேலையில் இருந்து அவரை எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். மாத்திரை கேட்கிறது. ஆனாலும் எப்போதாவது ஒருமுறை வரத்தான் செய்கிறது.

வண்டி போனதும் வில்லியனூர் வீடு தீவாகிவிட்டதாம். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க யாராவது கொண்டுபோய் விட வேண்டும். சுகந்திக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளலாமே என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறியது. அந்த விபத்துக்குப் பிறகு பைக் சத்தம் கேட்டாலே மகள் காதைப் பொத்திக்கொள்கிறாள் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பிரபாகரனை ஏற்றிக்கொண்டு போனார். பிறகு இவர்தான் கூச்சப்பட்டு நிறுத்திவிட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"பாக்குறவங்கல்லாம் 'வண்டி எங்க, வண்டி எங்க'ன்னு கேக்குறாங்கக்கா. எனக்கு என்னமோ 'கால் எங்க'ன்னு கேக்குறா மாதிரி இருக்கு."

அழகான நகர்

நடக்கத்தானே இடம் கேட்கிறார்கள் என்று லாஸ்பேட்டையைத் தாண்டி ஒரு புது நகருக்குக் கூட்டிப் போனேன். அகலமான வீதி, இரண்டு பக்கமும் புங்க மரம், நடுவில் ஒரு பார்க். லாரி கிடையாது, ஹாரன் கிடையாது. யாழினி அப்பாவின் சட்டையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். முடிந்தது வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

சுகந்திதான் வீதியில் நின்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். மளிகைக் கடை? எல்லாரும் போனில் ஆர்டர் போட்டுவிடுவார்களாம். மெடிக்கல்? மெயின் ரோட்டில் இருக்கிறது, வண்டியில் போனால் கிட்டேதான். ஸ்கூல்? வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். அந்த விபத்துக்குப் பிறகு வேனில் யாழினி ஏற மாட்டாள். கம்பெனி பஸ் அந்தப் பக்கம் வருவதே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பார்க் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஷூ போட்ட ஒரு அம்மா இறங்கி, பார்க்கைச் சுற்றி வேகவேகமாக நடந்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் காரில் ஏறிப் போனார். சுகந்தி கார் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடக்க நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா எங்க போறதுக்கு நடக்குறது?"

ரோட்டுப் பக்கம்

சாரம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். காமராஜர் சாலையில் கம்பெனி பஸ்கள் நிற்கும். உள்ளே நுழைந்துவிட்டால் வீதிகள் சின்னது, கடைகள் நெருக்கம். இதைத்தான் முதலில் காட்டியிருக்க வேண்டும். ஆனால் அங்கே வீடு காலியாவது குதிரைக் கொம்பு. ஒரு வீடு காலியாவதாகத் தகவல் வந்ததும் உடனே வரச் சொன்னேன். இந்தமுறை வண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு நானும் பஸ் ஸ்டாப்பில் இருந்து அவர்களோடு நடந்தேன்.

நடக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் யாழினி இடம் மாறிக்கொண்டே இருந்தாள். அப்பாவின் வலப்பக்கம் வருகிறாள், திடீரென்று இடப்பக்கம் போகிறாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. எந்தப் பக்கம் வண்டி வருகிறதோ அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். அப்பா வழியில் விழுந்துவிட்டால் ரோட்டுப் பக்கம் விழக்கூடாது என்று, தன் சின்ன உடம்பை நடுவில் வைக்கிறாள். அவருக்கும் அது தெரியும். அவளைப் பிடித்து உள்பக்கம் இழுக்கிறார், அவள் நழுவி மறுபடியும் வெளிப்பக்கம் வருகிறாள். ஒரு ஷேர் ஆட்டோ உரசுகிற மாதிரி வந்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நீ வீட்டுப் பக்கம் வா."

எல்லாம் இருந்த வீடு

அந்த வீட்டில் எல்லாம் இருந்தது. ஸ்கூல் பக்கத்து வீதியில். முனையில் மளிகைக் கடை, அதை ஒட்டி மெடிக்கல். பஸ் ஸ்டாப்புக்குப் போக ஒரே ஒரு ரோட்டைத்தான் தாண்ட வேண்டும், அதுவும் சிக்னல் உள்ள இடம். சுகந்தி அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்து பார்த்தபோதே மனசுக்குள் குடி வந்துவிட்டாள்.

வீட்டுச் சொந்தக்காரர் கீழே இருந்தார். ரிட்டையர்ட் ஆசாமி, மரியாதையானவர். எங்களை உட்கார வைத்து காபி கொடுத்தார். வண்டி இல்லை என்றதும் அவருக்குச் சந்தோஷம்தான். ஏன் இல்லை என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அவர் காபி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பேச்சிலருக்கு இல்லை, வக்கீலுக்கு இல்லை, கறி மீன் சமைப்பவர்களுக்கு இல்லை என்று எத்தனையோ 'இல்லை' எங்கள் தொழிலில் கேட்டிருக்கிறேன். இது எனக்கே புதுசு. "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. மாடிப்படி செங்குத்தா இருக்கு. எனக்கு ஒண்ணுமில்ல, எங்க வீட்டுல அவங்க ரொம்ப பயந்த சுபாவம்" என்று கதவுப் பக்கம் கையைக் காட்டினார். கதவருகே நின்றிருந்த அவர் மனைவி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"என்னை ஏங்க இழுக்குறீங்க? பயம் உங்களுக்கு. நீங்களே சொல்லுங்க."

சொல்லாமல் விட்டால்

அப்படியும் வீடு கிடைக்கவில்லை. வெளியே வந்து ஸ்கூல் மதில் நிழலில் நின்றோம். அப்பாவும் மகளும் ஐஸ் வண்டிப் பக்கம் போயிருந்தார்கள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சுகந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம் என்றேன். பெட்ரோல் விலை ஏறிப்போச்சு, அதனால் வண்டியை வித்துட்டோம் என்று சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? குடி வந்த பிறகு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். தொழில் தெரிந்தவள் சொல்கிறேன், கேள் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. மதிலில் சாய்ந்துகொண்டு மகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"மறைச்சுட்டுப் போனேன்னு வைங்கக்கா, அவரு விழற அன்னைக்கு நான் யாரு கதவைத் தட்டுவேன்?"

மதாம் வீடு

சாரத்துக்கு உள்ளேயே ஒரு சந்தில், ரொம்ப நாளாக யாரும் எடுக்காத மாடி வீடு ஒன்று இருந்தது. சந்து குறுகல். எதிரே ஒரு ஆள் வந்தால் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பைக் நுழையாது, மெயின் வீதியிலேயே நிறுத்திவிட்டு வர வேண்டும். அதனால் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சந்து வாசலோடு திரும்பிப் போனார்கள். நானும் அதைக் கழித்துக் கட்டி வைத்திருந்தேன். கீழ் வீட்டில் சொந்தக்கார அம்மா தனியாக இருக்கிறார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இறந்துவிட்டார். அந்த அம்மாவும் பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். சந்தில் எல்லாருக்கும் அவர் மதாம்தான். பேச்சு கொஞ்சம் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான்.

"பொன்ழூர் பரிமளா, திரும்பவும் பைக்குக்காரங்களையா கூட்டியாந்த?" என்று என்னை வரவேற்றார். வண்டியே இல்லை மதாம் என்றேன். "மொன் தியே! அட கடவுளே!" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். சந்தில் இருந்து வெளியே வந்தால் ஸ்கூலுக்குப் போகிற வீதி. முன்பு சொன்ன அதே மளிகைக் கடை, அதே மெடிக்கல், அதே சிக்னல். சந்துக்குள் வண்டிச் சத்தமே கேட்காது. யாழினி சுவருக்குச் சுவர் இரண்டு கையையும் நீட்டித் தொட்டுப் பார்த்தாள். வெளிப்பக்கம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

சுகந்தி இங்கும் சொன்னாள். மதாம் குறுக்கே பேசாமல் கேட்டார். எப்போ வந்தது, என்ன மாத்திரை, தவறாமல் போடுகிறாரா, குடிப்பழக்கம் உண்டா என்று போலீஸ் மாதிரி விசாரித்தார். பிரபாகரன் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார். பிறகு மதாம் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். சுகந்தி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வெளியே இரும்பு ஆடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மதாம் மாடிப்படியில் ஏறி நின்று கைப்பிடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கம்தான் பிடி இருக்கு, அதுவும் ஆடுது. ரெண்டு பக்கமும் போட்டப்புறம் வாங்க, அதுக்கு முன்னாடி சாமான் ஏத்தக்கூடாது."

இஸ்திரிக்காரர்

குடி வந்து கொஞ்ச மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சுகந்தி போன் செய்தாள். குரலைக் கேட்டதுமே கிளம்பிப் போனேன். நான் போவதற்குள் எல்லாம் முடிந்து பிரபாகரன் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சந்து முனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிற கோதண்டம்தான் எனக்குக் கதையைச் சொன்னார்.

கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி நடந்து வந்தவர் சந்துக்குள் பாதியில் விழுந்துவிட்டார். தலையில் அடிபடவில்லை. சுவரில் சரிந்து உட்கார்ந்த மாதிரி இறங்கியிருக்கிறார். பார்த்தவுடன் கோதண்டம் பதறிப்போய், வலிப்புக்கு இரும்பு கொடுக்க வேண்டுமே என்று கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். சூடான பெட்டி! அதற்குள் மாடியில் இருந்து யாழினி இறங்கி வந்துவிட்டாள். "இரும்பு வேணாம் தாத்தா, அதைத் தூரமா வைங்க. யாரும் கையைக் காலைப் பிடிக்காதீங்க" என்றவள், அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் ஸ்கூல் பையை வைத்திருக்கிறாள். மளிகைக் கடைக்காரம்மா கூட்டத்தை விலக்கிக் காற்று வர வைத்தார். மதாம் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி என்று சுகந்தி முன்பே சொல்லி வைத்திருந்தாள். தாண்டவில்லை. கண் விழித்ததும் கோதண்டமும் கடைக்காரம்மாவின் கணவரும் இரண்டு பக்கமும் பிடித்து மாடி ஏற்றினார்கள்.

நீங்கள் எப்படி உடனே பார்த்தீர்கள் என்று கோதண்டத்தைக் கேட்டேன். சந்துக்குள் விழுந்தது அவர் தள்ளுவண்டி நிற்கிற இடத்தில் இருந்து தெரியாது. அவர் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"தெனம் 'வரேண்ணே'ன்னு சொல்லிட்டு என்னைத் தாண்டி உள்ள போவாரு, அடுத்த நிமிஷம் மதாம் வீட்டு இரும்புக் கேட்டு தெறக்குற சத்தம் வரும். இன்னைக்கு அந்தச் சத்தம் வரல, அதான் எட்டிப் பாத்தேன்."

வேற வீடு

போன மாதம் ஒரு நல்ல இடம் வந்தது. பெரிய வீடு, காற்றோட்டம், வாடகையும் நியாயம். சுகந்திக்குத்தான் முதலில் போன் செய்தேன். சந்து வீட்டில் அடுப்பங்கரை சின்னது என்று அவள் ஒருமுறை சலித்துக்கொண்டது நினைவிருந்தது. போனை எடுக்கவில்லை, அதனால் நேரில் போனேன். ஸ்கூல் விடும் நேரம். யாழினி வீதியில் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். தனியாக என்றா சொன்னேன், கூட நாலு பிள்ளைகள், ஒரே சத்தம். ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் காதைப் பொத்தவில்லை, ஒதுங்கி நின்று பைக்குக்காரரை முறைத்தாள்.

மாடியில் சுகந்தி புது வீட்டு விவரத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். போட்டோவைக்கூடப் பார்த்தாள். அடுப்பங்கரை அழகாக இருக்கிறது என்றாள். பிறகு போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்ல வீடுதான்க்கா, வேற யாருக்காவது காட்டுங்க. அங்க அவரு பேரு யாருக்குத் தெரியும்?"

எங்கள் தொழிலில் ஒரு குடும்பத்துக்குச் சரியான வீட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டால், அந்தக் குடும்பத்தால் நமக்கு அப்புறம் கால் காசு பிரயோஜனம் இல்லை.